மூளை ஸ்டென்ட்டுக்கு ஆறாம் மாதப் படம்: டர்பனில் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விடுமுறைக்கு மதுரை போயிருந்தபோது என் கணவருக்கு வலது கை தளர்ந்து பேச்சு குழறியது. ஒரு வருடத்துக்குள் அது இரண்டாம் முறை. மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் மறுபடி பக்கவாதம் வந்ததால், மூளையின் இடப்பக்க நடுத் தமனியில் சுருங்கிய இடத்தை விரித்து ஸ்டென்ட், அதாவது சிறிய உலோக வலைக் குழாய், வைத்தார்கள். ஒன்பதாம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்தார். டிஸ்சார்ஜ் தாளின் கடைசி வரியில், ஆறாம் மாதம் படம் எடுத்து ஸ்டென்ட்டுக்குள் மறுபடி சுருங்கியிருக்கிறதா என்று பார்க்கவும் என்று எழுதியிருந்தது.

நாங்கள் வசிக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் திரும்பி வந்து அந்த ஒரு வரியை முடிக்க எங்களுக்கு நான்கரை மாதம் ஆனது. நடுவில் ஒரு ரிப்போர்ட் ஸ்டென்ட் முழுக்க அடைத்துவிட்டது என்று சொன்னது. இரண்டு இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. அப்படி அடைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்க் குடும்பங்களில் இதே நிலையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதனால் வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் சொல்லித்தான்.

ஒரு விஷயம் மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்த இடத்தில் ரத்தக்குழாயின் உள்சுவர், புண் ஆறும்போது தோல் தடிப்பதுபோல் திசு வளர்க்கும். கொஞ்சம் வளர்வது இயல்பு. அளவு மீறினால் மறுபடி சுருக்கம். பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்குள் வந்துவிடும். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று படத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

1. ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையிலிருந்து மூன்று பொருள்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியை எல்லோரும் வாங்கிவிடுவோம். மற்ற இரண்டில்தான் கோட்டை விடுகிறோம்.

முதலாவது, ஸ்டென்ட்டின் ஸ்டிக்கர் அல்லது இம்ப்ளான்ட் கார்டு. ஸ்டென்ட் வந்த பெட்டியில் இருந்து உரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்கள். தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். அதில் ஸ்டென்ட்டின் பெயர், விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் இருக்கும். இங்கே எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் முதலில் கேட்பது இதைத்தான். மூளையில் வைக்கும் ஸ்டென்ட்டுகளில் பெரும்பாலானவை 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள இயந்திரங்களில் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு பாதுகாப்பானவைதான். ஆனால் எது என்று காகிதத்தில் தெரியாமல் யாரும் ஆளை உள்ளே விடமாட்டார்கள். விடாததும் சரிதான்.

இரண்டாவது, ஸ்டென்ட் வைத்த அன்று எடுத்த ஆஞ்சியோ படங்கள். குறிப்பாக, வைத்து முடித்தவுடன் எடுத்த கடைசிப் படம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் மாதம் தெரியும் சுருக்கம் புதிதா, அன்றே மிச்சம் இருந்ததா என்று சொல்ல இதை விட்டால் வேறு வழி கிடையாது. ஏன் என்று எட்டாம் படியில் சொல்கிறேன்.

படங்கள் டைகாம் வடிவில் (கணினியில் திறந்து அளக்க முடிகிற மருத்துவப் பட வடிவம்), சி.டி. தட்டில் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். ஃபிலிம் போதாது. மானிட்டரை செல்போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் எதற்கும் உதவாது, அதில் அளக்க முடியாது. நாங்கள் முதலில் ஃபிலிமோடுதான் விமானம் ஏறினோம். அப்புறம் என் தம்பி, என் கணவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், பாஸ்போர்ட் நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் ரெக்கார்ட் பிரிவுக்கு மூன்று முறை நடந்தான். சி.டி. கிடைத்ததும் இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். கூரியரில் வந்த எங்கள் சி.டி. ஓரத்தில் விரிசலோடுதான் வந்து சேர்ந்தது.

2. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஆறாம் மாதம் படம் என்றால் மூன்றாம் மாதமே வேலையைத் தொடங்குங்கள். இங்கே நரம்பியல் டாக்டரைத் தனியாரில் பார்ப்பதற்கே சில வாரம் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு ஏழு வாரம் ஆனது.

தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் இரண்டு காலங்களைக் கவனிக்க வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை நாடே விடுமுறையில் இருக்கும். அவசர சிகிச்சை நடக்கும், ஆனால் முன்பதிவு செய்யும் ஆஞ்சியோவுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். இன்னொன்று, மெடிக்கல் எய்டின் (தனியார் மருத்துவச் செலவுத் திட்டத்துக்கு இங்கே உள்ள பெயர்) வருடம் ஜனவரி 1ல் புதுப்பிக்கிறது. சேமிப்புக் கணக்கு உள்ள திட்டமாக இருந்தால், அக்டோபர், நவம்பரில் அந்தப் பணம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். டாக்டர் ஒப்புக்கொண்டால் ஜனவரி இறுதியில் எடுப்பது கைக்கு நல்லது. அவர் காத்திருக்க வேண்டாம் என்றால் பணக்கணக்கைப் பார்க்காதீர்கள்.

3. மெடிக்கல் எய்டா, அரசு மருத்துவமனையா

மெடிக்கல் எய்டில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், காத்திருப்புக் காலம் போட்டிருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சட்டப்படி மூன்று மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பன்னிரண்டு மாதக் காத்திருப்பும் போடலாம். இந்தியாவில் வைத்திருந்த இன்சூரன்ஸ் இங்கே முந்தைய உறுப்பினர் காலமாகக் கணக்கில் வராது. கம்பெனி மூலம் எல்லோரையும் சேர்க்கும் குழுத் திட்டங்களில் பல நேரம் இந்தக் காத்திருப்பை விட்டுக்கொடுப்பார்கள். ஹெச்.ஆர். வாயால் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள், உறுப்பினர் சான்றிதழை வாங்கிப் படியுங்கள். பக்கவாதம் வந்ததை விண்ணப்பத்தில் மறைக்கவும் கூடாது. தெரிந்தால் உறுப்பினர் தகுதியையே ரத்து செய்ய முடியும்.

மெடிக்கல் எய்ட் இல்லையென்றால் அரசு வழி இருக்கிறது. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் மூளை ரத்தக்குழாய் சம்பந்தமான உயர் சிகிச்சைக்குக் கடைசியில் கேட்டோ மேனரில் உள்ள இங்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே நேராகப் போய் வரிசையில் நிற்க முடியாது. உங்கள் பகுதி கிளினிக், அங்கிருந்து மாவட்ட அல்லது பிராந்திய மருத்துவமனை, அவர்கள் கொடுக்கும் ரெஃபரல், அப்புறம்தான் தேதி. கட்டணம் வருமானத்தைப் பொறுத்து மாறும். சம்பளச் சீட்டு, முகவரி உறுதிக்கு மின் கட்டண ரசீதோ வாடகை ஒப்பந்தமோ, பாஸ்போர்ட், செல்லுபடியாகும் வேலை வீசா, இவற்றின் மூலமும் நகலும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். வீசா புதுப்பித்தலில் இருந்தால் விண்ணப்ப ரசீதையும் வையுங்கள். மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால் அரசு வழி போகிறவர்கள் ஊரிலிருந்து திரும்பிய வாரமே கிளினிக் போய்விடுங்கள்.

4. ரெஃபரல் கடிதம்

ஜி.பி. எனும் பொது டாக்டர் கொடுக்கும் கடிதத்தை உறையில் போட்டு வாங்கிக்கொண்டு வராதீர்கள். அங்கேயே திறந்து படியுங்கள். எங்கள் முதல் கடிதத்தில் நோய்க் குறியீடு தலைவலி என்று இருந்தது. என் கணவர் அன்று தலை கனமாக இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னதை வைத்துப் போட்டுவிட்டார்கள். தலைவலிக்கு எடுக்கும் ஸ்கேனுக்கும், பக்கவாதம் வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு எடுக்கும் ஸ்கேனுக்கும் மெடிக்கல் எய்ட் பணம் தரும் விதமே வேறு. பக்கவாதம், குறைந்தபட்ச நலன்கள் என்று இங்கே சட்டம் வகுத்த சுமார் 270 நோய்நிலைகளின் பட்டியலில் இருக்கிறது. பி.எம்.பி. என்பார்கள். அந்தப் பட்டியலில் உள்ள நோயைக் கண்டறிவதற்கும் பராமரிப்பதற்கும் திட்டம் பணம் தர வேண்டும். அதற்கு முதல் காகிதத்திலேயே சரியான குறியீடு இருக்க வேண்டும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: பக்கவாதம் வந்த தேதி, ஸ்டென்ட் வைத்த தேதி, எந்தத் தமனி, எந்தப் பக்கம், ஸ்டென்ட்டின் பெயரும் அளவும், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், என்ன கேள்விக்கு விடை வேண்டும் என்பது. ஸ்டென்ட்டுக்குள் மறுசுருக்கம் உள்ளதா என்ற வார்த்தைகளே இருக்கட்டும். மூளை ஸ்கேன் என்று மட்டும் எழுதினால் மூளையைத்தான் எடுப்பார்கள், குழாயின் உள்ளே பார்க்க மாட்டார்கள்.

5. எந்தப் படம்

நாங்கள் தடுமாறியது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மூளையின் அந்தத் தமனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டம்தான். அதற்குள் உலோக வலை. நாம் பார்க்க விரும்புவது வலைக்கு உள்ளே இருக்கும் வழியை. ஒவ்வொரு இயந்திரமும் அந்த உலோகத்தில் ஒவ்வொரு விதமாக ஏமாறும்.

எம்.ஆர். ஆஞ்சியோ: ஊசி இல்லாமல் எடுக்கும் சாதாரண வகையில், ஸ்டென்ட் இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியலாம். உலோகம் காந்தப்புலத்தைக் குலைக்கும், ரேடியோ அலைகள் வலைக்குள் போவதையும் தடுக்கும். ரத்தம் ஓடிக்கொண்டே இருந்தாலும் படத்தில் குழாய் அறுந்ததுபோல் இருக்கும். எங்களுக்கு வந்த ரிப்போர்ட் இதுதான், ஸ்டென்ட் பகுதியில் ஓட்டம் இல்லை என்று. ஆளோ அன்று காலை சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொண்டு வந்தவர். இரண்டு நாள் கழித்து ரத்தக்குழாய் நிபுணர் அந்தப் படத்தைத் திரையில் போட்டு, கறுப்பு இடைவெளிக்கு அப்பால் விரியும் கிளைகளைப் பேனா முனையால் காட்டினார். இடப்பக்கக் கிளைகளும் வலப்பக்கக் கிளைகளும் ஒரே வெளிச்சத்தில் இருந்தன. இங்கே ஓட்டம் இல்லையென்றால் இவற்றுக்கு ரத்தம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். இரண்டு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் அந்தப் பேனா முனையில் இறங்கியது. ஆகவே இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் பதறாமல், அப்பால் உள்ள கிளைகள் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். கான்ட்ராஸ்ட் எனும் சாய ஊசி போட்டு எடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோவில் உள்வழி சற்று நன்றாகத் தெரியும். ஸ்டென்ட்டின் உலோகத்தைப் பொறுத்தும் மாறும்; நிட்டினால் வகை குறைவாகவும், துருப்பிடிக்காத எஃகு அதிகமாகவும் படத்தைக் கெடுக்கும். ஸ்டிக்கர் ஏன் வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

இதனால் எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று ஆகிவிடாது. புதிய பக்கவாதத் தழும்பு மூளைத் திசுவில் இருக்கிறதா என்று பார்க்க அதுதான் சிறந்தது. ஸ்டென்ட்டின் உள்ளே பார்க்க அதை மட்டும் நம்பக் கூடாது, அவ்வளவுதான்.

சி.டி. ஸ்கேன் ஆஞ்சியோ: இதில் உலோகம் வெள்ளையாக வீங்கித் தெரியும். ஸ்டென்ட்டின் கம்பி இருப்பதைவிடத் தடிமனாகி உள்வழியை மறைக்கும். பல ஸ்டென்ட்டுகளின் இரு முனைகளிலும் பிளாட்டினம் போன்ற அடர்ந்த உலோகப் புள்ளிகள் உண்டு, அங்கே இந்த வீக்கம் இன்னும் அதிகம். அதனால் இல்லாத சுருக்கம் இருப்பதாகவும் தோன்றலாம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மெல்லிய துண்டுகளாக எடுத்து, கூர்மையான வடிகட்டியில் மறு உருவாக்கம் செய்தால் தெளிவு கூடும். இதை ரெஃபரல் கடிதத்திலேயே எழுதச் சொல்லலாம். வேகமானது, மற்றவற்றை விட எளிதில் கிடைக்கக்கூடியது. முழு அடைப்பு இல்லை என்று உறுதி செய்யப் போதுமானது. எத்தனை சதவீதம் என்று துல்லியமாகச் சொல்லப் பல நேரம் போதாது.

டிரான்ஸ்கிரானியல் டாப்ளர்: பொட்டெலும்பு வழியே அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. ரத்தத்தின் வேகத்தை அளக்கும். சுருங்கிய இடத்தில் வேகம் கூடும். சிலருக்கு எலும்பு தடித்திருப்பதால் அலை உள்ளே போகாது. ஸ்டென்ட் வைத்த சில நாளில் ஒருமுறை எடுத்து வைத்திருந்தால் பிறகு ஒப்பிட அருமையானது.

டி.எஸ்.ஏ. எனும் நேரடி ஆஞ்சியோ: மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, சாயம் செலுத்தி எடுப்பது. எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு இன்றைக்கும் கடைசிச் சொல் இதுதான். குழாய் உள்ளே போவதால் ஆபத்தும் உண்டு. அனுபவமுள்ள கைகளில் நிலையான நரம்புப் பாதிப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதனால் சில டாக்டர்கள் முதலில் சி.டி. ஸ்கேன், சந்தேகம் இருந்தால் டி.எஸ்.ஏ. என்று போவார்கள். சிலர் ஆறாம் மாதம் நேராக டி.எஸ்.ஏ. சொல்வார்கள். என் கருத்து, சாதாரண எம்.ஆர். ஆஞ்சியோவை மட்டும் எடுத்துவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால், அதில் ஸ்டென்ட்டின் உள்ளே தெரியுமா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். கேட்டிருந்தால் ஒரு ஸ்கேனின் பணமும் இரண்டு இரவின் தூக்கமும் எங்களுக்கு மிஞ்சியிருக்கும்.

6. ஆதரைசேஷனும் செலவும்

அடுத்த வீட்டு அக்கா நாற்பது வருடம் இங்கே நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், தமிழ் நாலு வார்த்தைதான் வரும். ஆதரைசேஷன் எண் (மெடிக்கல் எய்ட் தரும் முன் அனுமதி எண்) கையில் இல்லாமல் ஸ்கேன் சென்டருக்குள் கால் வைக்காதே என்று அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மெடிக்கல் எய்டைக் கூப்பிடும்போது நோய்க் குறியீடு, ஸ்கேனின் கட்டணக் குறியீடு, டாக்டரின் பிராக்டிஸ் எண் மூன்றும் வேண்டும். எண் கிடைத்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இது பி.எம்.பி. கணக்கில் போகிறதா, சேமிப்பிலிருந்து எடுக்கிறீர்களா? நான் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு? எந்தத் தேதி வரை செல்லும்? பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். திட்டம் குறித்துக் கொடுத்த மருத்துவமனைகள் தவிர வேறு இடம் போனால் பி.எம்.பி.யாக இருந்தாலும் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும்.

கையிலிருந்து கட்டுவதானால், நாங்கள் விசாரித்தபோது எம்.ஆர்.ஐ. பத்தாயிரம் ராண்டை ஒட்டியும் தாண்டியும் சொன்னார்கள். டி.எஸ்.ஏ. அதைப்போலப் பல மடங்கு. அதற்கு ஒரே பில் வராது. மருத்துவமனை அறை, ஆஞ்சியோ கூடம், டாக்டர், மயக்க மருந்து கொடுத்தால் அவர், ரத்தப் பரிசோதனை நிலையம் என்று தனித்தனியாக வரும், சில பில் இரண்டு மாதம் கழித்தும் வரும். திட்டத்தின் கட்டண விகிதத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வாங்கும் நிபுணர்கள் உண்டு, முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். எல்லா ரசீதையும் வைத்திருங்கள், வருமான வரிக் கணக்கில் காட்ட உதவும்.

மறுத்துவிட்டால்? முதலில் திட்டத்துக்கு எழுத்தில் புகார், டாக்டரின் கடிதத்தோடு. சரிவராவிட்டால் இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும் அமைப்பான கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. அவர்கள் அனுப்பும் புகாருக்குத் திட்டம் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்கு முதல் கடிதத்திலேயே, தலைவலிக் குறியீட்டை மாற்றியவுடன், வழி திறந்தது.

7. படம் எடுக்கும் நாள்

கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனை கேட்பார்கள். சில நாள் முன்பே எடுத்துவிடுங்கள். முன்பு கான்ட்ராஸ்ட் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முன்பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு ஆஞ்சியோவுக்குப் பிறகு 48 மணி நேரம் நிறுத்தச் சொல்லலாம். அவர்கள் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் யாரும் எழுத்தில் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். ஆஞ்சியோ என்றதும் ரத்தம் மெலியும் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். மூளை ஸ்டென்ட் வைத்தவருக்கு அது ஆபத்து. பல் பிடுங்கப் போனாலும் இதே விதிதான். வயிற்றெரிச்சலுக்குக் கடையில் ஒமிப்ரஸோல் வாங்கிப் போடாதீர்கள், அது குளோபிடோக்ரெல்லின் வேலையைக் குறைக்கும். வேறு மாத்திரை எழுதித் தருவார்கள்.

தொடை வழியாக எடுத்தால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். வண்டி ஓட்ட இன்னொருவர் வேண்டும். கிளம்பும் முன் புதிய படங்களின் சி.டி. அல்லது இணைப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

8. முடிவைப் படிக்கும்போது

ஸ்டென்ட்டுக்குள்ளோ, அதன் முனைகளிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள்ளோ 50 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்து, ஸ்டென்ட் வைத்த அன்று இருந்ததைவிட 20 சதவீதத்துக்கு மேல் வழி குறைந்திருந்தால், அதை மறுசுருக்கம் என்று கணக்கிடுவது வழக்கம். இரண்டாவது நிபந்தனையைக் கவனியுங்கள். அன்றைய படம் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

எங்கள் டி.எஸ்.ஏ.யில் சுருக்கமான இடம் 1.4 மில்லிமீட்டர், பக்கத்தில் நல்ல இடம் 2.4. அதாவது 42 சதவீதம். அந்த எண்ணைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. டாக்டர் மதுரையிலிருந்து வந்த சி.டி. தட்டில் இருந்த படத்தைப் பக்கத்துத் திரையில் போட்டார். ஸ்டென்ட் வைத்த அன்றே அதே இடத்தில் 30 சதவீதம் மிச்சம் இருந்திருக்கிறது. மூளைக் குழாயை முழுக்க விரிக்கப் போனால் கிழியும் என்பதால் வேண்டுமென்றே அப்படி விடுவதுண்டாம். ஆக ஆறு மாதத்தில் கூடியது 12 சதவீதம். மாத்திரை தொடரட்டும், ரத்த அழுத்தமும் கொழுப்பும் கட்டுக்குள் இருக்கட்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று முடிந்தது. அந்தச் சி.டி. இல்லாதிருந்தால் 42 என்ற எண்ணோடு மட்டும் வீடு திரும்பியிருப்போம்.

ரிப்போர்ட்டில் எண் இல்லாமல் மிதமான சுருக்கம் என்று மட்டும் இருந்தால், எத்தனை சதவீதம், எந்த முறையில் அளந்தது, பழைய படத்தோடு ஒப்பிட்டார்களா என்று எழுதிக் கேளுங்கள். பழைய படங்களைப் படம் எடுக்கும் முன்பே ரேடியாலஜி அலுவலகத்தில் ஏற்றச் சொல்வது இன்னும் நல்லது. 50ஐத் தாண்டியிருந்தாலும் உடனே மறுபடி பலூன் என்று ஆகாது. அறிகுறி இருக்கிறதா, அப்பால் ரத்தம் போதுமான அளவு போகிறதா என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

9. படத்துக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

முகம் ஒரு பக்கம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும், ஆதரைசேஷன் எதுவும் தேவையில்லை. 10177 அரசு ஆம்புலன்ஸ், செல்போனிலிருந்து 112. தனியார் ஆம்புலன்ஸ் எண் உங்கள் மெடிக்கல் எய்ட் அட்டையின் பின்னால் இருக்கும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள்தான். அதனால் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் ஸ்டிக்கரின் நகலையும் மாத்திரைப் பட்டியலையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். அவரோடு ஆம்புலன்ஸில் ஏறுகிறவர் அதை அப்படியே உரித்து எடுத்துக்கொண்டு போகலாம்.